நாற்பத்தெட்டா முப்பத்தெட்டா

மாதேஸ்வரிக்கு அன்று என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் சரியான பதில். தேதி 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. நேரம் பகல் 11.40. ஓசூரில் கார்க் கதவுகளுக்குக் கீல் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் பிரஸ் ஆபரேட்டர். வயது 41.

பிரஸ் என்பது இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கும் இயந்திரம். தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, இடமும் வலமுமாக உள்ள இரண்டு பச்சைப் பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். ஒரு கை பட்டனில் இல்லாவிட்டாலும் இறங்காது. ஆகவே இறங்கும்போது கை உள்ளே இருக்க வழியே இல்லை. இந்த ஏற்பாட்டில் அவள் பதினான்கு வருடம் வேலை செய்திருக்கிறாள். ஒரு நகம்கூடப் போனதில்லை.

அன்று தகட்டை வைத்தாள். கையை எடுத்தாள். இரண்டு பட்டன்மேலும் வைத்தாள். அழுத்த முடியவில்லை. கைகள் இரண்டும் கண்ணெதிரே பட்டன்மேல் இருக்கின்றன. ஆனாலும் ஒரு கை உள்ளே இருப்பதாகத் தோன்றியது. எந்தக் கை என்று பிறகு கேட்டேன்.

"அதாங்க ஐயா தெரியல. மூணாவதா ஒரு கை இருக்கற மாதிரி," என்றாள்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. செத்துப்போகப் போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்ததாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி சரி. ரத்தம் சரி. தைராய்டு சரி. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து காபி குடித்தாள்.

அதற்குப்பின் கம்பெனி பஸ்ஸில் ஒரு முறை, கேன்டீனில் ஒரு முறை, பிறகு டவுன் பஸ்ஸில் அதே பயம் வந்தது. மார்ச் 14க்குப்பின் பிரஸ்ஸைத் தொடவில்லை, ஏப்ரல் 3 முதல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். எங்கள் மத்திகிரி லைன் வீடுகளில் அவளுடையது மூன்றாவது, என்னுடையது முதலாவது. நான் கால்நடைப் பண்ணையில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். எல்லாரும் இன்னும் ரைட்டர் என்றே கூப்பிடுகிறார்கள். மழையளவும் பஸ் வரும் நேரமும் எழுதும் பழக்கம் விடவில்லை. அதனால்தான் அவள் விஷயமும் என் நோட்டுக்கு வந்தது.

ஏப்ரல் கடைசியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முப்பது நாளுக்கு மேல் பிரஸ்ஸைத் தொடாத ஆபரேட்டர் மறுபடியும் ஸ்கில் டெஸ்ட் கொடுக்க வேண்டும். ஐம்பது தகடு, இருபது நிமிடம். ஒன்றும் பழுதாகக் கூடாது, நடுவில் விட்டுப் போகக் கூடாது. நாள் ஜூன் 19, திங்கட்கிழமை. தேறாவிட்டால் ஆபரேட்டர் இடம் போய்விடும். பேக்கிங்கில் போடுவார்கள். அது காண்ட்ராக்ட் ஆட்களின் வேலை, அடுத்த மாதம் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் இல்லையென்றால் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மாமனார் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. கேழ்வரகு கதிர் பிடிக்கும் சமயத்தில் யானை வந்து தின்றுவிட்டுப் போகும். கம்பெனியில் சேர்ந்த அன்றே இனி அந்தக் காட்டில் காவல் இருக்கப் போவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

மருத்துவர் ஒரு பெண். பதினைந்து நாளைக்கு ஒரு சிறிய மாத்திரை எழுதிக்கொடுத்தார். "உங்க இதயத்துல ஒண்ணும் இல்ல. பதற்றம். தினமும் மூச்சு வாங்கற அளவுக்கு முக்கால் மணி நேரம் நடங்க. ஒரு நாளும் விடக் கூடாது. நெஞ்சு அடிச்சாலும் நடங்க," என்றாராம்.

இதை அவள் வீட்டில் சொன்னபோது நான் குழாயடியில் இருந்தேன். அவள் கணவன் சென்னப்பன் ரோஜாப் பண்ணை ஒன்றில் பசுமைக்குடில் வேலை பார்ப்பவன். விரலெல்லாம் முள் கீறல்.

"வாக்கிங்கா? எட்டு மணி நேரம் நின்னுகினு வேலை செஞ்சவ நீ. அது பத்தாதா?"

"நின்னா நடந்த மாதிரியாய்யா?"

"கைய வீசிகினு நீ போனா லைன்ல என்னா பேசுவாங்க தெரியுமா? கம்பெனிக்குப் போவ முடியலயாம், ஊர் சுத்த முடியுதாம்னு பேசுவாங்க."

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். பிறகு, "முனியப்பனுக்கு நேந்துகினேன். நாப்பத்தெட்டு நாளு குன்று ஏறணும்," என்றாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று சென்னப்பன் உள்ளே போய்த் தினசரிக் காலண்டரில் தேதி பார்த்தான். மே 2, செவ்வாய், நல்ல நாள்.

நிஜமாகவே வேண்டிக்கொண்டாளா என்று பிறகு தனியாகக் கேட்டேன். நோட்டில் எழுதுவதற்கு முன் கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

"அதுக்கு முன்ன இல்லீங்க ஐயா. சொல்லும்போதே நேந்துகினேன்னு வெச்சுக்கங்களேன்," என்றாள்.

அதை எப்படி எழுதுவது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

முனியப்பன் குன்று எங்கள் பகுதிக்கு மேற்கே இருக்கிறது. அடிவாரத்தில் பூ விற்பவள் முனிலட்சுமி. படிகள் 216 என்பாள். முப்பது வருடம் முன்பு நான் எண்ணியபோது 212. மாதேஸ்வரி முதன்முறை உச்சிவரை போன அன்று எண்ணிக்கொண்டே ஏறினாள், 213 வந்தது. இறங்கும்போது 211. ஓர் இடத்தில் பாறையையே செதுக்கிப் படியாக்கியிருக்கிறார்கள். அதைப் படியாகச் சேர்ப்பதா, பாறையாக விடுவதா என்பதில் வந்த குழப்பம் என்று நினைக்கிறேன். ஆனாலும் கணக்கு ஒத்துவரவில்லை.

எனக்கு மூட்டுவலி. ஏற முடியாது. முனிலட்சுமியின் கடைக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டி நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப் ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. அதை மாதேஸ்வரியிடம் கொடுத்தேன். ஏறி நின்ற இடத்தில் எவ்வளவு என்று பார்த்து வந்து சொல்வாள், எழுதுவேன். நோட்டில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்று நடை. இன்னொன்று பயம். படி ஏறி மூச்சு வாங்கும்போது உள்ள எண் முதல் கட்டத்தில், வீட்டிலோ தெருவிலோ பதற்றம் வரும்போது உள்ள எண் இரண்டாவதில்.

முதல் வாரம் அவள் நூறாவது படியைத் தாண்டவில்லை. மூச்சு வாங்கினால் உடனே உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சு அடித்தால் அது மார்ச் 14 என்றே அவளுக்குப் பட்டது.

"உக்காந்துகினே இருந்தா முனி எறங்கி வருவாரா?" என்று கீழேயிருந்து முனிலட்சுமி கத்துவாள். "எனக்கும் மூச்சு வாங்குதுடி, பூக்கூடையத் தூக்கிகினு நானும் ஏறலியா?"

"உனக்கு நாக்குலயே ரெண்டு நெஞ்சு இருக்குது," என்று மேலேயிருந்து பதில் வரும்.

எட்டாம் நாள், மே 9, வேறொரு சிக்கல். அன்று அவள் குன்றுப் பக்கம் வரவில்லை. பெண்கள் கோயிலுக்குப் போகாத நாட்கள். ஐந்து நாள் படி ஏறக் கூடாது. மருத்துவரோ ஒரு நாளும் விடாதே என்றிருக்கிறார். அவள் அந்த ஐந்து நாளும் பண்ணை ரோட்டில் வேலியோரமாக நடந்தாள். மாடுகள் தலை தூக்கிப் பார்க்கும், அவள் நடப்பாள். எண்ணை வந்து சொல்வாள். நானும் எழுதினேன். வரிசை எண் 8, 9, 10, 11, 12. நாற்பது வருடப் பழக்கத்தில் வரிசை எண்ணை நான் விட்டுவிட்டுப் போட்டதில்லை. தவறு அங்கேதான் நடந்தது. தவறுதானா என்பதும் தெரியவில்லை.

இருபதாம் நாள்வாக்கில் உச்சிவரை ஏறினாள். மாத்திரை மே 16 அன்றே தீர்ந்திருந்தது. பதற்றம் நிற்கவில்லை. வாரம் இரண்டு, மூன்று முறை வந்தது.

இருபத்தேழாம் நாள், மே 28, ஞாயிறு. காலை உச்சியில் 138. மத்தியானம் மூன்று மணிக்குக் கம்பெனி யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தாள். சட்டையைப் பார்த்ததும் தொடங்கிவிட்டது. கிளிப்பை மாட்டிக்கொண்டே என் வாசலுக்கு ஓடிவந்தாள். 136.

இரண்டையும் எழுதினேன். அவள் என் தோளுக்குமேல் எட்டி நோட்டைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை.

"ஐயா, இது ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டு குறைச்சல்."

"காலைல இதவிட ஜாஸ்தியா அடிச்சிருக்குது. அப்ப முனிலட்சுமியத் திட்டிகினு நின்னேன். சாவல. இப்ப கம்மியாத்தான் அடிக்குது. இதுக்கு ஏன் சாவுற மாதிரி இருக்குது?"

எண்ணைப் பார்த்து எது நடை, எது பயம் என்று சொல்ல முடியாது. எழுதினவனுக்கே தெரியாது என்றால் கட்டம் போட்டு என்ன பயன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெயில் நேரத்தில், அந்தப் பதற்றத்தோடேயே, குன்றுக்கு. திரும்பி வந்தபோது மணி 4.25.

"மேல போனா 141. படியில அடிக்குதா, பயத்துல அடிக்குதான்னு பிரிக்கவே முடியலீங்க. போவட்டும்னு எறங்கி வந்துட்டேன்."

"எந்தக் கட்டத்துல போடட்டும்?"

"நடுக்கோட்டு மேல போடுங்க," என்று சிரித்தாள். அன்றுமுதல் அவளாகவே பதற்றத்தைத் தேடிப் போக ஆரம்பித்தாள்.

ஜூன் 1 அன்று டவுன் பஸ் ஏறினாள். பாதி வழியில் நெஞ்சு அடித்து இறங்கிவிட்டாள். இரண்டரை கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தாள். நான் 'பஸ்: முடியவில்லை' என்று எழுதினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"ரெண்டரை மைலு நடந்துருக்கேன். அத எழுதாம இத எழுதறீங்களே."

"மைல் இல்ல, கிலோமீட்டர்."

"சரி, அத எழுதுங்க."

எழுதினேன். ஒரே பயணம் இரண்டு கட்டத்திலும் ஏறியது. ஜூன் 4 அன்று ஓசூர் பஸ் நிலையம்வரை போய், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். ஒன்றும் வாங்கவில்லையா என்று கேட்டேன். பஸ்ஸுக்காகத்தான் பஸ்ஸில் போனேன் என்றாள். ஜூன் 6 முதல் 10வரை மறுபடியும் பண்ணை ரோடு.

டெஸ்டுக்கு முந்தின நாள், ஜூன் 18, ஞாயிறு. காலையில் படி ஏறி வந்ததும் வரிசை எண் 48 என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை. கற்பூரம் எடுக்க வீட்டுக்குப் போனாள். பத்து நிமிடத்தில் சென்னப்பன் தினசரிக் காலண்டரின் அட்டையோடு என் வாசலுக்கு வந்தான், அவளும் கற்பூரத்தோடு பின்னாலேயே வந்தாள். தாள் கிழித்ததும் படி ஏறின நாளுக்கு அட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான்.

"என்னாங்க ரைட்டர் ஐயா, நாப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கறீங்களாமே? எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். 38.

"பண்ணை ரோட்ல நடந்ததெல்லாம் முனிக்கு எப்பிடிங்க சேரும்? அங்க மாடுதானே இருக்குது?"

அவன் சொன்னது சரி. வேண்டுதல் என்றால் 38. மருத்துவர் சொன்னபடி பார்த்தால் 48. இரண்டும் ஒரே கால்கள் நடந்தவை. மாதேஸ்வரி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நாளு பாக்கி," என்றான் சென்னப்பன். அவன் மிரட்டவில்லை, நிஜமாகவே பயந்திருந்தான். "நேந்துகிட்டத முடிக்காம அந்த மிஷின்ல போய் நிக்காதே. மறுபடி எதாச்சும் ஆச்சுன்னா? அந்த சூப்பர்வைசருக்குப் போன் போடு. பத்து நாளு தள்ளி வெக்கச் சொல்லு."

அவள் போன் போட்டாள். சூப்பர்வைசர் சுபாஷ் கோவில்பட்டிக்காரர். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"பத்து நாளா? யக்கா, நாளைய விட்டா லிஸ்ட்டு மேல போயிரும். அப்புறம் என் கையில இல்ல. வாங்கக்கா, நான் பக்கத்துலயே நின்னுக்கிடுதேன்."

"இல்ல சார், ஒரு வேண்டுதலு. கணக்குல கொஞ்சம் தப்பு."

"எந்தக் கணக்குக்கா?"

அவள் போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. நாப்பத்தெட்டா, முப்பத்தெட்டா?"

பண்ணையில் ஒரு கன்று பிறந்த தேதியில் சந்தேகம் வந்தால் மூன்று பதிவேட்டை ஒப்பிட்டு முடிவு சொல்வேன். இங்கே இரண்டு பதிவும் சரியாக இருந்தன. "ரெண்டும் சரிம்மா," என்றேன். அது அவளுக்கு உதவவில்லை.

கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். 129. கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கற்பூரத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் குன்றுக்குப் போனாள். அப்போது பூக்கூடையோடு மேலே இருந்த முனிலட்சுமி சொல்லித்தான் அங்கே நடந்தது எனக்குத் தெரியும். முனியப்பனுக்கு எதிரில் நின்று, பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுவதுபோல, "நாளைக்குக் கம்பெனிக்குப் போவணும். பாக்கி பத்த வந்து ஏறிக்கிறேன்," என்றாளாம். கற்பூரத்தை ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டாளாம், முடிந்தபிறகு ஏற்றலாம் என்று.

"சாமிகிட்டயே தவணை கேக்கறா பாருங்க ரைட்டரே," என்றாள் முனிலட்சுமி. "ஆனா மூஞ்சி என்னமோ தெளிவாத்தான் இருந்துச்சு. இல்ல, தெளிவும் இல்ல. எப்பிடின்னு சொல்லத் தெரியல."

திங்கள் காலை 6.10க்குக் கம்பெனி பஸ் வந்தது. சென்னப்பன் வெளியே வரவில்லை. அவள் பஸ் ஏறியதை நான் பார்த்தேன். கதவோரத்து இடம்.

மற்றதெல்லாம் அவள் சொன்னது. டெஸ்ட் 9.30க்கு. பிரஸ் பிரிவுக்குள் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் கூடாது. ஆகவே கிளிப்பும் இல்லை. முதல் தகட்டை வைத்தாள். கையை எடுத்தாள். பட்டன்மேல் வைத்தாள். நெஞ்சு அடித்தது. மூன்றாவது கை உள்ளே இருந்தது.

"இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சுங்க. போவலியே. அப்பிடியேதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"நூறாம்படில நிப்பேன் இல்லீங்களா, மூச்சு முட்டிகினு. அப்ப என்னா செய்வேன்? சரியாவட்டும்னு நின்னா சரியாவாது. அடுத்த படில கால வெச்சாத்தான் அது பின்னால வரும். அதே மாதிரி இதுக்கும்னு அமுக்கிட்டேன். எறங்குச்சு. கை எல்லாம் வெளியதான் இருந்துச்சு. ரெண்டுதான். எண்ணிகினேன்."

பத்தாவது தகடுவரை ஒவ்வொரு முறையும் கையை எண்ணினாளாம். முப்பதாவதுவாக்கில் எண்ண மறந்துவிட்டது. ஐம்பதும் முடிந்தது, பதினெட்டரை நிமிடம். ஒன்றும் பழுதில்லை. சுபாஷ் தகடுகளை இரண்டு முறை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் வேர்த்திருந்ததாம்.

"அப்ப பயம் போயிடுச்சா?"

"தெரியலீங்களே ஐயா. நாளைக்குப் பஸ்ஸுல வரலாம். வந்தா அதையும் கூட்டிகினு போறதுதான்."

அன்றைக்குரிய எண் இல்லாததால் இரண்டு கட்டமும் காலியாக இருக்கின்றன. எதையாவது எழுதட்டுமா என்று கேட்டதற்கு, அம்பதுன்னு எழுதுங்க என்றாள். தகட்டின் எண்ணிக்கை நாடித்துடிப்புக் கட்டத்தில் எழுதக்கூடியதல்ல. நோட்டின் ஓரத்தில் எழுதினேன்.

எதனால் இது நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாத்திரை என்றால் அது மே 16 அன்றே தீர்ந்துவிட்டது. வேண்டுதல் என்றால் முடியாத வேண்டுதல். நடை என்று எழுதவே எனக்கு விருப்பம், மருத்துவரும் அதைத்தான் சொன்னார். சென்னப்பனைக் கேட்டால், பத்து நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டதால் முனியப்பன் ரொம்ப நல்லவர் என்கிறான்.

பாக்கி பத்தை அவள் ஷிப்ட் முடிந்து வந்து மாலையில் ஏறினாள். ஜூன் 19 முதல் 28வரை. கடைசி நாள் சென்னப்பனும் கூடப் போய்க் கற்பூரம் ஏற்றினான். அவன் எண்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டதாகவும், மாதேஸ்வரி மேலேயிருந்து, "உக்காந்துகினே இருந்தா முனி எறங்கி வருவாரா?" என்று கேட்டதாகவும் முனிலட்சுமி சொன்னாள். படி மொத்தம் எத்தனை என்று அவன் எண்ணினானா என்று கேட்டேன். 219 என்றானாம்.

அத்துடன் கணக்கு முடிந்தது. ஜூன் 29, வியாழன், மாலை 5.20. மாதேஸ்வரி யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனாள்.

"எங்கம்மா? வேண்டுதல்தான் முடிஞ்சுதே."

"ஆமாங்க," என்றாள். நின்று யோசித்தாள். "முடிஞ்சுது," என்று மறுபடியும் சொல்லிவிட்டுக் குன்றை நோக்கி நடந்தாள்.

நோட்டில் இடம் இருந்தது. தேதியை எழுதினேன். வரிசை எண்ணுக்கு 59 என்று போடுவதா, 49 என்று போடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வரும்வரை போடவில்லை.